அடியில் ஒரு சிவப்புப் பொட்டு

அக்கா,

நேற்று என் வேனுக்குப் புது பேட்டரி மாற்றினேன். சுங்கைப் பட்டாணியில் புதிதாகத் திறந்திருக்கும் கடை. கடைக்காரர் தேவைக்கு மேல் சிரித்தார். கண்ணில் படும்படி முன்னால் அடுக்கியிருந்ததில் ஒன்றை எடுத்துத் துடைத்து நீட்டினார். அது வேண்டாம், உள்ளே இருப்பதைக் கொண்டு வாருங்கள் என்றேன். சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. உள்ளேயிருந்து வந்ததன் மேல் பொறித்திருந்த தேதியைப் பார்த்தேன். மீட்டர் வைத்து அளந்து காட்டச் சொன்னேன். பிறகு கைப்பையிலிருந்து நகப்பூச்சுக் குப்பியை எடுத்துத் திறந்தேன். அந்த நெடி மூக்கில் ஏறியதும் நீங்கள் பக்கத்தில் வந்து நின்றதுபோல இருந்தது.

தூக்கிப் பிடிக்கச் சொல்லிவிட்டு, குனிந்து அடியில் ஒரு பொட்டு வைத்தேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அந்தப் பார்வை உங்களுக்குப் பழகிப் போனது. எனக்கு இப்போதுதான் பழகி வருகிறது.

நாம் பக்கத்து வீட்டுக்காரர்கள். நான் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றினேன், நீங்கள் கூலிம் ஹைடெக் பூங்காவுக்கு வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றினீர்கள். பாடாங் மேஹா பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர் நீங்கள். கணவர் போன பிறகு அவர் ஓட்டிய வேனையே ஓட்டப் பழகி, ஒரே மகளைப் படிக்க வைத்து ஜொகூருக்குக் கட்டிக் கொடுத்தீர்கள். யாரையும் நம்பாத பொம்பளை என்று நம் தாமான் குடியிருப்பில் உங்களுக்குப் பெயர். மீன்காரர் தராசை இரண்டு முறை பார்ப்பீர்கள். கோயில் அன்னதானத்துக்குக் கொடுத்த அரிசி சமையலுக்குத்தான் போகிறதா என்று பின்னாலேயே போய்ப் பார்ப்பீர்கள். நான் சிரித்திருக்கிறேன்.

பேட்டரி விஷயத்தில் மட்டும் சிரிக்க முடியவில்லை. நீங்கள் வேன் ஓட்டத் தொடங்கிய புதிதில் எவனோ பழைய பேட்டரியில் புதுத் தாள் ஒட்டி உங்களிடம் விற்றுவிட்டான். விடிகிற நேரத்தில், செம்பனைக்கு நடுவே போகும் சாலையில், ஒரு பெண்ணை ஏற்றுவதற்காக நிறுத்திய வேன் அணைந்தது. மறுபடி கிளம்பவேயில்லை. அன்றைக்கு ஷிஃப்டுக்குப் போகாததால், புதிதாகச் சேர்ந்திருந்த ஒருத்திக்கு வேலை போயிற்று. "அவ என்னைத் திட்டியிருந்தா மறந்திருப்பேன். ஒண்ணுமே சொல்லாம எறங்கிப் போனா," என்று ஒருநாள் சொன்னீர்கள்.

அதற்குப் பிறகுதான் நீங்கள் பேட்டரியைப் பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்ளத் தொடங்கினீர்கள். வேனுக்கு எந்த அளவு பொருந்துமோ அதைத்தான் வாங்குவீர்கள், பெரிதாக இருந்தால் நல்லது என்று கடைக்காரர் ஆசை காட்டினால் நகர்ந்துவிடுவீர்கள். முனைகளில் வெள்ளையாகப் பூத்தால் சுடுதண்ணீர் ஊற்றித் தேய்த்து, துடைத்து, கிரீஸ் தடவுவீர்கள். குண்டும் குழியுமான தோட்டத்துச் சாலையில் ஆடி ஆடியே பேட்டரி செத்துவிடும் என்று, பிடித்து வைத்திருக்கும் கட்டையை அடிக்கடி முடுக்குவீர்கள். இந்தக் கெடா வெயிலில் வேனை நிழலில்தான் நிறுத்துவீர்கள். எஞ்சினை அணைத்த பிறகு என் பிள்ளைகள் வேனில் பாட்டுப் போட்டால், உங்கள் வீட்டுச் சன்னலிலிருந்து குரல் வரும். "சாவறதுக்கு முன்னால பேட்டரி சொல்லிட்டுத்தான் சாவும். காலையில மொனகும். நாமதான் காதுல வாங்கமாட்டோம்," என்பீர்கள்.

பிறகு நம் வரிசையில் பேட்டரிகள் காணாமல் போகத் தொடங்கின. முதலில் கடைசி வீட்டு லோரியில். அடுத்து, எதிர் வீட்டு ஆசிரியரின் காரில். நீங்கள் உடனே வேன் பழுதுபார்க்கும் உங்கள் போமனைக் கூட்டி வந்தீர்கள். தாமானுக்குப் பின்னால் பட்டறை வைத்திருந்தவர், உங்கள் தோட்டத்தில் அடுத்த லயத்து வீட்டில் வளர்ந்தவர். உங்களை விடச் சின்னவர். ஊரில் எந்தப் பட்டறையிலும் வேனை விட்டுவிட்டு நகராத நீங்கள், அவரிடம் மட்டும் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து சமைப்பீர்கள். அவர் பேட்டரி மேல் இரும்புச் சட்டம் வைத்துப் பற்றவைத்து, பூட்டும் வாங்கிப் பூட்டி, சாவியை உங்கள் கையில் கொடுத்தார். எனக்கும் போட்டுத் தருவதாகச் சொன்னார். அடுத்த வாரம் பார்க்கலாம் என்றேன்.

அதற்குள் என் பேட்டரி போயிற்று. பள்ளிப் பிள்ளைகள் வாசலில் பையோடு நிற்க, நான் அக்கம் பக்கத்துக் கார்களைக் கெஞ்சி அனுப்பி வைத்தேன். சில நாள் கழித்து உங்களுடையதும் போயிற்று.

அந்தக் காலை நினைவிருக்கிறதா? கம்பெனிப் பெண்கள் போன் போட்டபடி இருக்கிறார்கள், நீங்கள் வேனுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டீர்கள். சட்டம் திறந்து கிடந்தது. பூட்டு அதிலேயே தொங்கியது. நான் அதைக் கையில் எடுத்துப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை.

பூட்டு உடையவில்லையே என்றேன். கம்பி விட்டுத் திறந்திருப்பான் என்றீர்கள். இந்தப் பூட்டை மாட்டியது யார் என்று கேட்டேன். உங்கள் முகம் கறுத்துவிட்டது.

"அவன் எங்க தோட்டத்துப் பையன். அவங்கம்மா கையால சாப்பிட்டு வளந்தவ நான்."

அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. உங்கள் பார்வை என் தோளைத் தாண்டி என் வீட்டு வாசலுக்குப் போயிற்று. அங்கே என் தம்பியின் வண்டி நின்றது, பக்கத்தில் கூண்டு வைத்த மோட்டார் சைக்கிள். அவன் வீடு வீடாகப் போய்ப் பழைய இரும்பு, கெட்டுப்போன மின்விசிறி, செத்த பேட்டரி எல்லாம் வாங்கி பெசி பூரோக் என்கிற காயலான் கடையில் போடுகிறவன். அழுக்குச் சட்டையும் துருப்பிடித்த கையுமாகத் திரிகிறவன்.

"என் தம்பி திருடமாட்டான் அக்கா," என்றேன்.

"நான் சொன்னேனா?" என்றீர்கள்.

சொல்லவில்லைதான். ஆனால் மறுநாளிலிருந்து உங்கள் வேன் நம் வாசலில் நிற்கவில்லை. கோயில் திடலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு நடந்து வந்தீர்கள். உங்கள் வீட்டிலிருந்து மதிற்சுவர் வழியாக வரும் குழம்புக் கிண்ணமும் நின்றது. நானும் அனுப்பவில்லை. ஒரு வார்த்தைகூடப் பேசாமலேயே ஒரு மனிதனைத் திருடனாக்க முடியும் என்று அப்போது தெரிந்துகொண்டேன். மளிகைக் கடையில் என் தம்பி உள்ளே வந்தால் பேச்சு நின்றது. அவனுக்குப் பழைய சாமான் கொடுத்துவந்த இரண்டு மூன்று வீடுகள் கதவைத் திறப்பதை விட்டன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு நேராக உங்கள் கேட்டுக்கு வந்தான். நான் ஓடி வந்தேன். அவன் யாரிடமும் குரல் உயர்த்தவில்லை. தார்ப்பாயை எடுத்தான். கூண்டிலிருந்த ஒவ்வொன்றையும் உங்கள் வாசலில் இறக்கி வைத்தான். நான்கைந்து பழைய பேட்டரிகளைத் தனியாக வரிசைப்படுத்தினான்.

"நல்லாப் பாருங்கக்கா. பாத்துட்டுச் சொல்லுங்க," என்றான்.

வெட்கப்பட்டு, வேண்டாம் தம்பி என்று சொல்வீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தீர்கள். ஒவ்வொரு பேட்டரியையும் தூக்கச் சொன்னீர்கள். அமிலம் கசியும், சாய்க்காதே என்று அந்த நேரத்திலும் அவனை எச்சரித்தீர்கள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து, ஒவ்வொன்றின் அடியையும் பார்த்தீர்கள். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு உங்களை அடித்துவிடலாம் போல் இருந்தது.

"இல்ல," என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னீர்கள். பிறகு அவனிடம் திரும்பினீர்கள். "என் பேட்டரிக்கு அடியில செவப்புப் பொட்டு இருக்கும். ஒங்க அக்காவோடதுக்கும் நான்தான் வச்சேன். நீ எல்லா எடத்துக்கும் போறவன். பாத்தா சொல்லு."

அவன் எல்லாவற்றையும் மறுபடி ஏற்றிக்கொண்டு போனான். நான் உங்களிடம் சண்டை போட வாயெடுத்தேன். நீங்கள் உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டீர்கள்.

அதற்குப் பிறகு ரொம்ப நாள் ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்புகிறேன், என் தம்பி உங்கள் கேட்டில் நிற்கிறான். எனக்குச் சொல்லாமல் உங்களிடம்தான் முதலில் சொன்னான். அந்தப் பட்டறைக்குச் செத்த பேட்டரி எடுக்கப் போயிருக்கிறான். தரையில் உட்கார்ந்து எடுத்ததைக் கட்டிக்கொண்டிருக்கும்போது போமன் சார்ஜ் போட்டிருந்த ஒன்றைத் தூக்கி வேறு மேசைக்கு மாற்றினாராம். கீழேயிருந்து பார்த்தவனுக்கு அதன் அடியில் சிவப்பாக ஒரு பொட்டு தெரிந்திருக்கிறது. மேலே பளபளவென்று புதுத் தாள்.

நீங்கள் அவனை நம்பவில்லை. அதையும் நான் பார்த்தேன். அவன் கண்ணையே கொஞ்ச நேரம் பார்த்தீர்கள். ஆனாலும் வேன் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினீர்கள். நானும் ஏறிக்கொண்டேன். அவன் பின்னால் வந்தான்.

பட்டறையில் நீங்கள் கோபத்தைக் காட்டவேயில்லை. வேன் காலையில் மொனகுது, நல்லதாக ஒன்று வேண்டும் என்றீர்கள். போமன் அன்போடு வரவேற்றார், நாற்காலி போட்டார். உள்ளே போய் ஒன்றைத் தூக்கி வந்தார். "புதுசுக்கா. நேத்துதான் கடையிலேர்ந்து வந்திச்சிலா. ஒங்களுக்குன்னுதான் எடுத்து வச்சேன்."

கொஞ்சம் உயர்த்திப் பிடி தம்பி, அடியில் கசிவு இருக்கிறதா பார்க்கணும் என்றீர்கள். அவர் உயர்த்தினார். நீங்கள் குனிந்தீர்கள். நானும் குனிந்தேன். பொட்டு அங்கே இருந்தது.

நீங்கள் நிமிர ரொம்ப நேரமாயிற்று. போமன் உங்கள் முகத்தைப் பார்த்ததும், பேட்டரியை மெல்லக் கீழே வைத்தார். யாரோ கொண்டு வந்து கொடுத்தார்கள், வாங்கினேன், எனக்கு ஒன்றும் தெரியாது என்றார்.

"பூட்டுச் சாவியும் யாரோ கொண்டாந்து குடுத்தாங்களா?" என்றீர்கள்.

அம்மா மேல் ஆணை என்று ஏதோ தொடங்கினார். அந்த அம்மாவின் பெயரை எடுக்காதே என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தீர்கள். நேராகப் போலீஸ் பாலாய்க்கு வேனை விட்டீர்கள். போலீஸ் வந்து பார்த்தபோது உள்ளே எதிர் வீட்டு ஆசிரியருடையதும் இருந்தது. பட்டறை மூடிக் கிடந்தது, பிறகு வேறு யாரோ அங்கே டயர் கடை போட்டார்கள்.

அன்றைக்குச் சாலையோரம் காத்து நின்ற என் தம்பியிடம் நீங்கள் போனீர்கள். மன்னிப்புக் கேட்கப் போகிறீர்கள் என்று ஆவலோடு பார்த்தேன். டீ குடித்தாயா என்று கேட்டீர்கள். குடித்துவிட்டேன் என்றான். அவன் குடிக்கவில்லை என்பது உங்களுக்கும் தெரியும். அவ்வளவுதான். ஆனால் மறுநாள் உங்கள் வேன் நம் வாசலில் நின்றது.

நோய் வந்தபோதும் நீங்கள் டாக்டரைச் சந்தேகப்பட்டீர்கள், மாத்திரையைச் சந்தேகப்பட்டீர்கள். ஆஸ்பத்திரியில் சேர வேண்டும் என்றான அன்று என் தம்பியைக் கூப்பிட்டு அனுப்பினீர்கள். என் கண் முன்னால்தான் சாவியை அவன் கையில் வைத்தீர்கள். "ஓடாம நின்னா பேட்டரி கெட்டுப் போவும். நீ பாத்துக்க."

அவன் என்னைப் பார்த்தான். பிறகு வாங்கிக்கொண்டான்.

அதோடு விட்டீர்களா? நான் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது, கஞ்சியைக்கூட வாங்காமல், வேன் மீட்டரில் எவ்வளவு ஓடியிருக்கிறது என்று பார்த்துவரச் சொன்னீர்கள். எனக்கு வந்த கோபத்தில் அப்படியே திரும்பி வந்துவிட்டேன். வந்தவள் பார்க்காமல் இருந்திருக்கலாம். பார்த்தேன். தாமானைச் சுற்றியிருந்தால் அத்தனை கிலோமீட்டர் வராது. அவனிடம் கேட்டேன்.

தாமானுக்குள் சுற்றினால் சார்ஜ் ஏறாது, நீளமான சாலையில் ஓட வேண்டும் என்றான். அதனால் நீங்கள் பிறந்த பாடாங் மேஹா பக்கம் வரைக்கும் போய்த் திரும்புகிறானாம். மறுநாள் உங்களிடம் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டீர்கள். உதடு அசைந்தது, கணக்குப் போட்டீர்கள்.

"அவ்வளவுதான் வரும். சரி," என்றீர்கள்.

அந்தச் சரி கணக்குக்கா, என் தம்பிக்கா? கேட்க நினைத்துக்கொண்டே இருந்தேன். நாட்கள் போய்விட்டன. நீங்களும் போய்விட்டீர்கள். வேறு வழியில்லாமல்தான் அவனுக்குச் சாவியைக் கொடுத்தீர்களோ என்று உங்கள் மேலேயே எனக்கு ஒரு சந்தேகம் இன்னும் இருக்கிறது. உங்களோடு இருந்து வந்த பழக்கம்.

கருமாதி முடிந்து உங்கள் மகள் வேனைப் பார்க்க வந்தாள். சாவி யாரிடம் என்று கேட்டாள். என் தம்பியிடம் என்றேன். அவள் பார்வை என் தோளைத் தாண்டி அந்தக் கூண்டு வண்டிக்குப் போயிற்று. எனக்குக் கோபம் வரவில்லை அக்கா.

"அம்மாவே குடுத்தாங்களா?" என்றாள்.

"அவங்க கையாலயே குடுத்தாங்க. நான் பக்கத்துல நின்னேன்."

அவள் முகம் மாறியது. அம்மா எனக்கே கொடுக்கமாட்டாங்களே என்று மெல்லச் சொன்னாள். பிறகு அவனிடம் போய், அண்ணே, வாங்க நல்ல ஆள் கிடைக்கிற வரைக்கும் வேனை நீங்களே பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டாள்.

மளிகைக் கடையிலும் யாராவது என் தம்பியைப் பற்றி இழுத்துப் பேசினால் நான் இதையே சொல்கிறேன். அந்த அக்கா தன் வேன் சாவியை அவனிடம்தான் கொடுத்துவிட்டுப் போனார் என்று. நம் தாமானில் அதற்கு மேல் யாரும் ஒன்றும் கேட்பதில்லை.