ஈறில் முளைத்த எலும்புச் சில்லு

சாப்பாட்டை மேஜைமேல் மூடி வைத்திருக்கிறேன். சுடவைத்துச் சாப்பிடுங்கள்.

நீங்கள் என் பல்லைப் பிடுங்கிய இடத்தில், ஈறைக் கிழித்துக்கொண்டு ஓர் எலும்புச் சில்லு வந்திருக்கிறது. நாக்கு பட்டாலே குத்துகிறது. "யார் எடுத்தாலும் சில பேருக்கு இப்படி வரும், பயப்படாதீங்க" என்று நோயாளிகளிடம் சொல்வீர்களே, எனக்கும் அப்படித்தான் இருக்கும். ஆனால் இதை எடுக்க வேறு டாக்டரிடம் போகிறேன்.

"கட்டின புருஷன் பல் டாக்டரா இருக்கும்போது, எவன்கிட்டயோ போய் வாயைத் திறப்பியா?" என்று நேற்று கத்தினீர்கள். நேரில் பதில் சொல்ல மனம் வரவில்லை. அன்றைக்கு உங்கள் கையிலிருந்த இடுக்கி என் பல்லில் தடதடவென்று தட்டியது. நான் கண்ணை இறுக்கி மூடியதை வலி என்று நினைத்தீர்கள். உங்கள் கை நடுங்குவதை நான் கவனித்துவிட்டேன் என்று உங்களுக்குத் தெரிய வேண்டாம் என்றுதான் மூடிக்கொண்டேன்.

நாளைக்கு நரம்பு டாக்டரிடம் சேர்ந்தே போகலாம். திட்டிக்கொண்டே வந்தாலும் சரி.

இன்னொன்று: எதிர்வீட்டு டீச்சர் மகள் சாயங்காலம் கடைவாய்ப் பல் எடுக்க வருவதாக இருந்தது. உங்களுக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். போன் வந்தால் கொஞ்சம் இருமுங்கள்.

கிளினிக் சாவியைத் தேடாதீர்கள். என் கைப்பையில் இருக்கிறது.