அத்தை விழுங்காத மாத்திரை

மார்ச் 3, திங்கள்

டிக்கு, இன்றைக்கு உன் தையல் கத்தரிக்கோலுக்கு எண்ணெய் போட்டேன். துரு ஏறப் பார்த்தது. பஸ் சீட்டுக்கு உறை தைக்க இனி யார் எடுக்கப் போகிறார்கள் என்று கேட்காதே. கை சும்மா இருந்தால் மனசு கண்ட இடத்துக்கும் போகிறது.

ஆஸ்பத்திரியில் ஒரு அம்மா, செத்தவர் வீட்டு ஆட்களிடம் பேசுவதுதான் அவருக்கு வேலையாம், "பேச ஆள் இல்லன்னா எழுதும்மா" என்றார். என் எழுத்து நொண்டி நொண்டித்தான் நடக்கும். நடக்கட்டும். எங்கே ஓடப் போகிறது?

அத்தை முன்னால் நீ எனக்கு "என்னங்க". கதவைச் சாத்தினால் டிக்கு. உன் நெஞ்சுக்குள் வைத்த இரும்பு வால்வு டிக் டிக் என்று அடித்ததால் வந்த பேர். கடிகாரத்தையே கட்டிக்கிட்டேன், ஆனா நேரத்துக்கு வீடு வந்து சேராத கடிகாரம் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். சலவைக்கூடத்து வாசனையோடு வருகிறேன் என்று நீ என்னைச் சோப்பு என்பாய்.

சுவரில் இருந்த கடிகாரத்தைக் கழற்றிப் பெட்டிக்குள் போட்டுவிட்டேன். பொய்யாக அடிக்கிறது.

மார்ச் 5

வேலைக்குப் போனேன். விரிப்பு மடித்தேன். வந்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் பழக்க தோஷத்தில் இரண்டு டம்ளர் வைத்துவிட்டேன். ஒன்று உனக்கு, ஒன்று அத்தைக்கு.

உனக்கு இரும்பு வால்வு, அத்தைக்குத் தாளம் தப்பி அடிக்கும் இதயம். இரண்டு பேருக்கும் ஒரே ரோஸ் மாத்திரை, ரத்தம் கட்டிப் போகாமல் இருக்க. சாப்பிட்டு முடித்ததும் தாயும் பிள்ளையும் டம்ளரை 'டங்' என்று இடித்துக்கொண்டு விழுங்குவீர்கள். "பெரிய குடிகாரக் குடும்பம்" என்பேன் நான். "உனக்குப் பொறாமைடி" என்பார் அத்தை.

இன்றைக்கு அந்த இரண்டாவது டம்ளரை அத்தை வெகுநேரம் பார்த்தார். நான் எடுத்து உள்ளே வைத்தேன். மாத்திரையை நீட்டினேன். வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார், கைக்குட்டையால் வாயைத் துடைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. நீ போனதிலிருந்து பார்ப்பதில்லை.

மார்ச் 12, புதன்

எழுதிவிடுகிறேன். ஒரே ஒரு தடவை.

உனக்கு ஈறு வீங்கியது. பல்லை அலட்சியம் பண்ணாதீங்க, பல்லிலிருந்து கிருமி கிளம்பினால் நேரே வால்வில் போய் உட்காரும் என்று இதய டாக்டர் முன்னமே பயமுறுத்தி வைத்திருந்தார். பல்லில் கை வைக்கும் முன்னால் கிருமி மாத்திரை போடணும் என்றும் சொல்லியிருந்தார். அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டோம். மருந்துக்கடைக்குப் போனாய், கன்னத்தைக் காட்டினாய், அவரும் கொடுத்தார். வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க என்று அவர் கேட்கவில்லை. நீ சொல்லவில்லை. சொல்லணும் என்று உனக்கோ எனக்கோ எப்படித் தெரியும்? "டாக்டர் சொன்னபடி நடக்குற நல்ல பிள்ளை நான்" என்று என்னிடம் நெஞ்சை நிமிர்த்தினாய்.

வீக்கம் வடிந்தது. ஈறில் ரத்தம் நிற்கவில்லை. பல்லு என்றோம். தொடையில் கத்தரிக்காய் நிறத்தில் கன்றிப் போயிருந்தது. சீட்டுக் கம்பி இடித்திருக்கும் என்றோம். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் கையோடு இருந்தது, அதுதான்... அப்புறம் தலைவலி. பட்டறையில் தைத்துக்கொண்டிருந்த சீட்டின் மேலேயே சாய்ந்துவிட்டாய் என்று ஆள் அனுப்பினார்கள்.

தலைக்குள் ரத்தம். ரத்தம் தண்ணி மாதிரி ஆயிடுச்சும்மா என்றார் டாக்டர். அந்தக் கிருமி மாத்திரை, ரோஸ் மாத்திரையை உடம்பு கரைத்து வெளியேற்றவிடாமல் தடுத்துவிட்டதாம். தினம் ஒன்றுதான் விழுங்கினாய். உள்ளே நாலைந்து விழுங்கின மாதிரி சேர்ந்துவிட்டது.

"நீங்க சொல்லியிருந்தா வேற ஆன்டிபயாடிக் கொடுத்திருப்பாங்க, இல்லன்னா உடனே ரத்தம் டெஸ்ட் பண்ணிப் பாத்திருப்பாங்க." டாக்டர் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

போதும்.

மார்ச் 20, வியாழன்

அத்தையின் கைக்குட்டையில் ரோஸ் கறை.

இவருக்கும் ஈறில் ரத்தமா, இவரும் யாருக்கும் தெரியாமல் எதையாவது வாங்கி விழுங்கினாரா? பச்சைத் தண்ணீரில் நனைத்தேன். ரத்தம் என்றால் ஓரத்திலிருந்து மெல்ல இளகும். வருஷக்கணக்காக ஆஸ்பத்திரி விரிப்பு துவைக்கிறவளுக்கு அது தெரியாதா? இது இளகவில்லை, மாவு மாதிரி உதிர்ந்தது. நகத்தால் சுரண்டினேன். மடிப்புக்குள் பாதி கரைந்த மாத்திரை.

மற்ற கைக்குட்டைகளையும் எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் இருந்தது.

வாயைத் துடைக்கவில்லை டிக்கு. துப்பியிருக்கிறார்.

மார்ச் 21

கேட்கவில்லை. எப்படி ஆரம்பிப்பது? மாமியாரின் திருட்டை மருமகள் பிடித்தாள் என்றா?

மார்ச் 23, ஞாயிறு

கேட்டேன்.

அத்தை மறைக்கவில்லை. "ஆமா, துப்புனேன். என் பிள்ளைய விழுங்குன விஷத்த நான் விழுங்கணுமா? அவனுக்கும் நீதான எடுத்துக் குடுத்த? இப்ப எனக்கும் நீட்டுற. கை கூசலையா உனக்கு?"

எனக்கு வந்ததே ஒரு ஆத்திரம். "அவரு உங்களுக்குப் பிள்ளை மட்டும்தான், எனக்கு எல்லாமே அவருதான், நான் குடுப்பேனா விஷத்த? வாய்க்கு வந்ததப் பேசாதீங்க!" என்று கத்திவிட்டேன். கல்யாணம் ஆன நாள் முதலா நான் அவரிடம் குரல் உயர்த்தியதில்லை. அவர் அறைக்குள் போய்விட்டார். சாப்பாடு அப்படியே ஆறிக் கிடந்தது.

மார்ச் 26, புதன்

சலவைக்கூடத்தில் என்னோடு நிற்பாளே வாயாடி, அவளிடம் சொன்னேன். "உன் மாமியாரு செத்தா உனக்கென்ன, தொல்லை விட்டுதுன்னு இரேன்" என்றாள். நான் முந்தானையால் கண்ணைத் துடைத்தேன். அவளே என் தோளைத் தட்டி, "சரி சரி, அழாத. கிழவி இல்லன்னா உன்கிட்ட சண்ட போட யாரு இருக்கா?" என்றாள்.

உண்மைதான். உன் சின்ன வயதுக் கதை தெரிந்த ஆள் இந்த உலகத்தில் அவர் ஒருத்தர்தான். அவரும் போய்விட்டால் உன்னைப் பற்றிப் பேச எனக்கு யாருமில்லை.

மார்ச் 30, ஞாயிறு

அத்தையை நான் வேலை செய்யும் இடத்துக்குக் கூட்டிப்போனேன். ஞாயிறு ஆள் குறைவு. இயந்திரச் சத்தமும் பாதிதான்.

வெள்ளைத் துணிக்குப் போடும் பிளீச் இருக்கும் அலமாரியைக் காட்டினேன். துருக்கறை எடுக்கும் ஆசிட் இந்தக் கோடியில் இல்லை, அந்தக் கோடியில், பூட்டிய அலமாரியில். "ரெண்டும் நல்லதுதான் அத்தை. ரெண்டும் இல்லாம இங்க வேலையே ஓடாது. ஆனா ஒருத்தி தெரியாம ஒரே வாளியில ஊத்திட்டா. புகை கிளம்பி மூச்சு முட்டி, அவளத் தூக்கிட்டுப் போனோம். அதுக்காக பிளீச்சத் தூக்கி எறிஞ்சோமா? தள்ளித் தள்ளி வச்சோம், அவ்வளவுதான். ரோஸ் மாத்திரையும் அப்படித்தான். அவருக்கு நடந்தது ரெண்டும் ஒண்ணாச் சேந்ததால. நீங்க இத மட்டும் நிறுத்துனா ரத்தம் கட்டி மூளைக்கு ஏறும்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

அத்தை அலமாரியைப் பார்த்தார். பூட்டைத் தொட்டுப் பார்த்தார்.

"இந்தப் பூட்டு போட்டவங்க, மருந்துக்கடையில ஒண்ணு போட்டிருக்கக் கூடாதா?" என்றார். பிறகு அங்கேயே, அழுக்குத் துணி மூட்டை மேல் உட்கார்ந்து, நீ போன பிறகு முதல் தடவையாக என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்.

ஏப்ரல் 1

விழுங்கினார். வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினார். "நல்லா பாத்துக்கடி போலீஸ்காரி."

சிரித்தேன் டிக்கு. சிரிப்பு எனக்கே அந்நியமாகக் கேட்டது.

ஏப்ரல் 3, வியாழன்

காலையில் பல் தேய்க்கப் போனவர் வரவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. கதவைத் தள்ளினேன். தரையில் கிடந்தார். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. என்னைப் பார்த்து ஏதோ சொன்னார், வார்த்தையாக வரவில்லை.

ஐயோ இப்பத்தான விழுங்க ஆரம்பிச்சாங்க... இப்பத்தான...

ஏப்ரல் 4

ரத்தக்கட்டி. இதயத்திலிருந்து கிளம்பி மூளைக்குப் போனதாம். "நேத்து முந்தாநாள் சாப்பிட்டது பிடிக்கவே சில நாள் ஆகும்மா. விட்ட நாள்ல உருவான கட்டி இது" என்றார் டாக்டர்.

உனக்கு ரத்தம் நிற்காமல் போச்சு. உங்க அம்மாவுக்கு ஓடாமல் நின்னு போச்சு. நடுவில் ஒரு நூல் இருக்கிறதாம், அதில் நடக்கணுமாம். நாங்க என்ன கழைக்கூத்தாடியா?

ஏப்ரல் 19, சனி

வலது கை, வலது கால் வரவில்லை. பேச்சு இல்லை. ரோஸ் மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்துவிட்டார்கள், பொடித்து, குழாய் வழியாக. துப்ப வழியில்லை. அந்த எண்ணம் வந்ததும் எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருந்தது.

ஏப்ரல் 25, வெள்ளி

அத்தைக்குக் காய்ச்சல். நெஞ்சில் சளி பிடித்துக் கிருமி.

நர்ஸ் ஒரு பாட்டிலைக் கொண்டுவந்து கம்பியில் மாட்டினாள். குழாயைக் கையில் எடுத்தாள். நான் அவள் கையைப் பிடித்துவிட்டேன். இறுக்கி.

"என்னம்மா பண்றீங்க? விடுங்க."

"இது என்ன மருந்து?"

"ஆன்டிபயாடிக். கையை விடுங்கன்னு சொல்றேன்ல."

"ரோஸ் மாத்திரை சாப்பிடுறாங்க. அது தெரியுமா உங்களுக்கு? தெரியுமா?" வார்டே திரும்பிப் பார்த்தது. பக்கத்துக் கட்டில்காரர் மனைவி, "பாவம், இதுக்கு என்னமோ ஆயிடுச்சு" என்றாள். ஆமாம், ஆயிடுச்சுதான்.

நர்ஸ் என்ன நினைத்தாளோ, பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு டாக்டரைக் கூட்டிவந்தாள். சின்ன வயசு டாக்டர். என்னைத் திட்டவில்லை. நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தெரியும்மா. மாத்திரை அளவைக் குறைச்சிருக்கோம். தினம் ரத்தம் எடுத்துப் பாப்போம். இந்த மருந்து இல்லன்னா காய்ச்சல்லயே போயிடுவாங்க. அந்த மாத்திரை இல்லன்னா இன்னொரு கட்டி வரும். ரெண்டும் வேணும்."

ரெண்டும். ஒரே வாளியில்.

நான் அத்தையைப் பார்த்தேன். அவர் இடது கை கட்டில் விளிம்பில் என் கையைத் தேடியது. என்னைத்தான் பார்த்தார், டாக்டரை இல்லை. அலமாரிக்கு முன்னால் நின்றபோது இருந்த அதே பார்வை. என் வாயிலிருந்து வார்த்தை வரணும் என்று காத்திருந்தார். நான் சொன்னதைக் கேட்டுத்தானே விழுங்கினார். இப்பவும் நான்தான் சொல்லணுமா? நான் யாரு டிக்கு, அஞ்சாவதுகூட முடிக்காதவ.

"போடுங்க" என்றேன். பாட்டிலில் சொட்டு விழ ஆரம்பித்ததும் வெளியே போய் வாந்தி எடுத்தேன்.

ஏப்ரல் 27

விடிந்ததும் ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பி, உதட்டைத் தூக்கி ஈறு பார்க்கிறேன். தொடை பார்க்கிறேன், முதுகு பார்க்கிறேன், மலம் கறுத்திருக்கிறதா பார்க்கிறேன். நர்ஸ் இப்போது நான் வந்ததும், "வாங்க இன்ஸ்பெக்டர்" என்கிறாள். காலையில் ரத்தம் எடுக்க மறந்துவிட்டால் நினைவுபடுத்துகிறேன். திட்டினால் வாங்கிக்கொள்கிறேன்.

மே 2, வெள்ளி

காய்ச்சல் விட்டது. ஈறு சுத்தம்.

மே 6

ரத்தம் கட்டாமலும் ஒழுகாமலும் சரியான அளவில் இருக்கிறதாம். இனி எந்த டாக்டர் எந்த மருந்து எழுதினாலும் முதலில் இதைச் சொல்லணும் என்றார்கள். எனக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள்! சரி என்று தலையாட்டினேன்.

பேச்சு இனி வராது என்றும் சொன்னார்கள்.

மே 18, ஞாயிறு

வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டேன். குழாயை எடுத்துவிட்டார்கள். உன் நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியில் தலையணை அண்டை கொடுத்து உட்காரவைத்தேன். மாத்திரையை நீட்டினேன். அவர் வாயைத் திறக்கவில்லை. இடது கையால் மேசையைத் தட்டினார், மறுபடி தட்டினார். எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. எழுந்து போய் இரண்டாவது டம்ளரை எடுத்துவந்தேன். எனக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன். கை நடுங்க நடுங்க அவர் டம்ளரைக் கொண்டுவந்து என் டம்ளரில் இடித்தார். பாதித் தண்ணீர் மேசையில்.

விழுங்கினார். நாக்கைத் தூக்கிக் காட்டினார்.

நான் வழக்கம்போல உதட்டைத் தூக்கி ஈறைப் பார்க்கப் போனேன். அவர் கண்ணில் ஒரு பயம் வந்தது, நான் ஏதாவது பார்த்துவிட்டேனோ என்று. நான் பயந்துவிடுவேனோ என்று நினைத்தாரோ என்னவோ, உடனே கோணின வாயோடு சிரித்தார். அப்படியே உன் சிரிப்பு.

அன்றைக்கு வாய் கொப்பளித்துத் துப்பினாயே, தொட்டி முழுக்கச் சிவப்பாக. நான் வாசலில் நின்றேன். நீ திரும்பி, "பல்லுதான் சோப்பு, போய்ப் படு" என்று இதே மாதிரி சிரித்தாய்.

டிக்கு, உனக்கும் அப்போ பயமா இருந்துச்சா?