நாட்டுத் தலைவர்களுக்காக ஒரு மன்றாட்டு

சேலம்,
அக்டோபர், இரண்டாம் ஞாயிறு.

அன்பு மகள் பிரின்சிக்கு அம்மா எழுதுவது,

இயேசுவுக்குப் புகழ். உடம்பைப் பொறுத்தவரை நாங்கள் இரண்டு பேரும் சுகம், மாத்திரை நேரத்துக்கு உள்ளே போகிறது, சோறும் அளவாக இறங்குகிறது. அந்தக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சளி பிடிக்காமல் இருக்க தினமும் ஜெபமாலையில் ஒரு பத்து மணியை உங்களுக்கென்று சொல்கிறேன். வாரம் தவறாமல் போனில் பேசுகிறவள் எதற்கு இத்தனை பக்கம் எழுதியிருக்கிறாள் என்று பயந்துவிடாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. போன் என்றால் ஹாலில் நின்று பேச வேண்டும், ஹாலில் அப்பா இருக்கிறார். எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனால் ஒரு வார்த்தை கேட்கமாட்டார், நான் படியிறங்கி வரும்போது ஒரு பார்வை பார்ப்பார், அதை என்னால் தாங்க முடியவில்லை. ஜோஸ்லின் டீச்சர் மகள் வியாழக்கிழமை அயர்லாந்துக்குக் கிளம்புகிறாள். அவள் பெட்டியில் ஜவ்வரிசி வடாமுக்கும் பருப்புப் பொடிக்கும் நடுவில் இதைச் செருகி அனுப்புகிறேன். வடாம் நம் மாடியில் காய்ந்தது, உங்கள் ஊர் ஈரத்தில் நமத்துப் போகும், டப்பாவை இறுக்கி மூடி வை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீ ஞாயிறுதோறும் கூப்பிடும்போது அப்பா தூங்குகிறார், அப்பா குளிக்கிறார் என்று ஏதாவது சொல்கிறேன் அல்லவா, அதெல்லாம் பொய். எனக்கு எதிரே நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார். போனை நீட்டினால் வேண்டாம் என்று கையைக் காட்டுகிறார். நீயும் இத்தனை வாரமாக அதை நம்பினாயா, அல்லது நம்பியது போல நடந்துகொண்டாயா என்று எனக்குத் தெரியவில்லை.

நடந்ததில் பாதி நீ போனில் பார்த்தது, மீதியை நான் சொல்கிறேன். ஆகஸ்ட் பதினைந்து நமக்கு இரட்டைத் திருவிழா, மாதா விண்ணேற்பும் அன்றுதான், சுதந்திர தினமும் அன்றுதான். இந்த வருஷம் அன்றைய பூசை நம் தெருக் குடும்பங்கள் சேர்ந்த அன்பியத்தின் பொறுப்பு. மன்றாட்டுகளை எழுதி ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுத்ததில், நாட்டுத் தலைவர்களுக்கான மன்றாட்டு வந்து விழுந்தது அப்பா கையில். நோயாளிகளுக்கான மன்றாட்டு வந்திருக்கக் கூடாதா, நல்ல மழைக்கான மன்றாட்டு வந்திருக்கக் கூடாதா. பாடகர் குழுவுக்கு வாசித்துக்கொண்டிருந்த கீபோர்டை விட்டு எழுந்து மைக்குக்குப் போனார். நாட்டை ஆளுகிறவர்களை ஆசீர்வதியும் என்பது வரை தாளில் இருந்ததைப் படித்தார். பிறகு தாளை மடித்துவிட்டு, ஆண்டவரே, இவர்களுக்கு நாக்கைத் தாராளமாகக் கொடுத்துவிட்டீர், கூடவே கொஞ்சம் காதும் கொடுத்தருளும், ஜனங்கள் பேசுவது அவர்களுக்கு விழட்டும், உம்மை மன்றாடுகிறோம் என்று முடித்தார். மன்றாடுகிறோம் என்ற சொல் கேட்டால் நமக்கெல்லாம் வாய் தானாகத் திறந்துகொள்ளுமே, யோசித்தா பாடுகிறோம்? கோயிலே ஒன்றாக, நானும்தான், ஆண்டவரே எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்று ராகம் போட்டுப் பாடிவிட்டோம். பாடி முடித்த பிறகுதான் என்ன கேட்டோம் என்று புரிந்தது, பெண்கள் பக்கம் குபீரென்று சிரிப்பு. பங்குச் சாமியாரே உதட்டைக் கடித்துக்கொண்டு அடுத்த மன்றாட்டுக்குக் கை காட்டினார். வெளியே கொடி ஏற்றினோம், அப்பா தேசிய கீதம் வாசித்தார், மிட்டாய் வாங்கிக்கொண்டு சந்தோஷமாகத்தான் வீடு வந்தோம்.

கொரோனாவுக்குப் பிறகு ஞாயிறு பூசையையும் திருவிழாப் பூசையையும் நம் கோயிலில் நேரலையில் போடுகிறார்கள் என்பது அப்பாவுக்கும் தெரியும், ஆனால் அதை யார் பார்க்கப் போகிறார்கள், படுக்கையில் இருக்கிற நாலு வயதானவர்கள்தானே என்ற எண்ணம். எந்தப் புண்ணியவானோ அந்த அரை நிமிஷத்தை மட்டும் வெட்டி எடுத்து, மேலே எழுத்து ஓடவிட்டு, கீழே சிரிப்புப் பொம்மைகளை வைத்து ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டான். அப்பா யார் பெயரையும் சொல்லவில்லை. டெல்லி என்றும் சொல்லவில்லை, சென்னை என்றும் சொல்லவில்லை. ஒரு பெயரைச் சொல்லியிருந்தால் ஒரு கட்சியின் கோபத்தோடு போயிருக்கும். சொல்லாமல் விட்டதால் ஒவ்வொரு கட்சிக்காரனும் எங்கள் தலைவரைத்தான் இந்தக் கிழவன் சொல்லியிருக்கிறான் என்று எடுத்துக்கொண்டான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று நான் சொல்லிச் சிரித்தேன், அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வந்தது. நீ அதை ஸ்டேட்டஸில் வைத்து என் அப்பா என்று எழுதியதை அப்பா கடைவீதி வரைக்கும் கொண்டுபோய்க் காட்டினார். எதிர்வீட்டு லாரிக்கார சின்னண்ணன் தேடி வந்து, ஏனுங்க, நாங்க டீக்கடையில முணுமுணுக்கறத நீங்க கோயில்ல மைக்குல சொல்லிப்போட்டீங்க, சாமிக்கே நேரா சொன்னதுல என்னங்க தப்பு என்று கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

ஆனால் உன் அண்ணனை நினைத்துப் பார். ஆண்ட்ரூஸ் தொழில் பிளக்ஸ் பேனர் அடிப்பது. எல்லாக் கட்சித் தலைவர்களும் ஒரே கூரையின் கீழ் சண்டை போடாமல் சுருண்டு கிடப்பது இந்தியாவிலேயே என் பையன் கடையில்தான் என்று அப்பா சொல்லிச் சிரிக்காத நாள் கிடையாது. தேர்தல் வருகிறது என்று நம்பி இந்த வருஷம்தான் புது மெஷின் இறக்கியிருக்கிறான். பேனர் கேட்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக வேண்டாம் என்று சொன்னார்கள். அதுகூடப் போகட்டும். இரண்டு பேர் பைக்கில் வந்து, இறங்காமலே கடைப் பலகையைப் போட்டோ எடுத்துக்கொண்டு, அப்பாவுக்கு வயசாகுதுங்க, கொஞ்சம் பாத்துப் பேசச் சொல்லுங்க என்றார்களாம். எந்தக் கட்சி என்று அவனும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன்மா, ரொம்ப மரியாதையாகப் பேசினார்கள், ஷட்டரை இறக்கிவிட்டு வந்துவிட்டேன் என்று என்னிடம் வந்து சொன்னான். பங்குச் சாமியாருக்கும் யார் யாரோ போன் செய்திருக்கிறார்கள். அவர் வீட்டுக்கே வந்து காபி குடித்துவிட்டு, கொஞ்ச நாளைக்கு நீங்கள் பாடகர் குழுவில் வேண்டாம் அண்ணே, எல்லாம் ஆறட்டும் என்றார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்கும் பயம் இருக்காதா. இப்போது கோயிலில் பென்டிரைவ் போட்டுப் பாடுகிறார்கள். காணிக்கைப் பாட்டுக்கு நற்கருணைப் பாட்டின் இசை ஓடி, பாதியில் நிறுத்தி, மறுபடி தேடி எடுப்பார்கள்.

அந்த மன்னிப்பு வீடியோவை ஆண்ட்ரூஸ்தான் எடுத்தான். வாசகமும் அவன் எழுதியதுதான். என் பேச்சு யார் மனதையாவது புண்படுத்தியிருந்தால் என்று தொடங்கும். இருதய ஆண்டவர் படம் பின்னால் தெரிய வேண்டாம் என்று நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பிப் போட்டான். எப்படியும் மறுத்துவிடுவார், அப்பனும் மகனும் கத்திக்கொள்வார்கள், நான் நடுவில் நிற்க வேண்டியிருக்கும் என்று அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றேன். அவர் ஒரு வார்த்தை மறுக்கவில்லை, பிரின்சி. சட்டையை மாற்றிக்கொண்டு வந்து, வெளிச்சம் போதுமா என்று கேட்டுவிட்டுப் படித்தார். பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி படித்தார். முடிந்ததும் ஆண்ட்ரூஸ் வாசலுக்குப் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றான். சாயங்காலம் அப்பாவுக்குப் பிடிக்குமே என்று தட்டுவடை செட் வாங்கி வந்து மேசையில் வைத்தான், அப்பா பிறகு சாப்பிடுகிறேன் என்றார், காலையில் நான்தான் எடுத்துக் கொட்டினேன்.

அதற்கு மறுநாள்தான் உன் செய்தி வந்தது. நீ என்ன எழுதினாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். ஏன்ப்பா மன்னிப்புக் கேட்டீங்க, நான் எவ்வளவு பெருமைப்பட்டேன், இப்படிப் பண்ணிட்டீங்களே என்று எழுதியிருந்தாய். உன்மேல் குற்றம் சொல்ல வரவில்லை சாமி. எனக்கும் உள்ளே அதே கேள்விதான் இருந்தது, நான் கேட்கவில்லை, நீ கேட்டுவிட்டாய், அவ்வளவுதான். ஆனால் அவர் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்ததை நீ பார்க்கவில்லை, நான் பார்த்தேன். மகனுக்காகப் போய் மகளிடம் தலை குனிந்துவிட்டேன் என்று எண்ணுகிறாரோ என்னவோ. கேட்டால்தானே தெரியும், கேட்டால்தான் சொல்லமாட்டாரே. அன்றிலிருந்து உன்னோடும் பேச்சில்லை. ஆண்ட்ரூஸோடு பேசுகிறார், தண்ணீர் வந்ததா, கேஸ் சிலிண்டருக்குச் சொன்னாயா என்ற அளவுக்கு. அவனுக்கு உன்மேல் கோபம், நீ ஸ்டேட்டஸில் வைத்ததால்தான் இன்னும் பரவியது என்கிறான். உனக்கு அவன்மேல் கோபம். எல்லாரும் என்னிடம் வந்து ஒவ்வொன்று சொல்கிறீர்கள், நான் எல்லாருக்கும் ஆமாம் போடுகிறேன். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள், எனக்கு மூன்று பக்கம்.

முன்பெல்லாம் டி.வி.யில் விவாதம் தொடங்கினால் அப்பா சத்தத்தை நிறுத்திவிட்டுக் கீபோர்டு வாசிப்பார், உனக்கு நினைவிருக்கும். கத்துகிறவருக்கு அடக்கப் பூசைப் பாட்டு, மழுப்புகிறவருக்குத் தாலாட்டு, நடத்துகிறவர் நேரம் முடிந்தது என்று கையை ஆட்டும்போது கிறிஸ்துமஸ் மணி. ஆளும் கட்சி எதிர்க்கட்சி என்று அவர் பாகுபாடு பார்த்ததே கிடையாது, எல்லாருக்கும் சமமாக வாசித்தார். தலைவலி, அந்தச் சனியனை நிறுத்துங்கள் என்று நான் கத்துவேன். இப்போது நானே டி.வி.யைப் போடுகிறேன். எந்த விவாதம் பெரிதாகக் கத்துகிறதோ அதைத் தேடிப் போட்டுவிட்டு வெங்காயம் உரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அவர் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விடுகிறார். கீபோர்டுக்குத் துணி போட்டு மூடியிருக்கிறது, அதன்மேல் இஸ்திரி போட்ட துணிகளை அடுக்கியது நான் இல்லை, அவர். சின்னண்ணன் வருகிறார், டீசல் விலை, டோல்கேட், பரமத்தி வேலூரில் வாழைத்தார் போகிற விலை என்று எல்லாம் பேசுகிறார். அந்த ஒன்றை மட்டும் பேசுவதில்லை. நாடு எப்படிப் போகிறது பாருங்க என்று ஒருநாள் வாய் தவறித் தொடங்கி, சட்டென்று வாழைத்தாருக்கே திரும்பிவிட்டார்.

உங்கள் ஊரிலும் வெளியூர்க்காரர்களைக் கண்டால் பஸ்ஸில் சிலர் வம்புக்கு வருகிறார்களாமே, ஜோஸ்லின் டீச்சர் சொன்னார்கள். டியூட்டி முடிந்து தனியாக நடந்து வராதே. யாராவது ஏதாவது சொன்னால் பதில் சொல்லாதே, வாயை மூடிக்கொண்டு வந்துவிடு. இதை எழுதிவிட்டு ஒருமுறை திருப்பிப் படித்தேன். பைக்கில் வந்தவர்கள் போன பிறகு ஆண்ட்ரூஸ் அப்பாவிடம் சொன்னதும் இதேதான். அவன் சொன்னபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, பெற்றவள் என்று வரும்போது நானும் அதையேதான் எழுதுகிறேன். அந்த வரியை அடித்துவிடலாமா என்று பார்த்தேன், அடிக்க மனசு வரவில்லை. அப்படியே இருக்கட்டும், நடந்து வராதே.

இன்றைக்குப் பூசையில் வேறு அன்பியத்தின் முறை. நாட்டுத் தலைவர்களுக்கான மன்றாட்டை ஒரு அம்மா படித்தார்கள், தாளில் இருந்தது மட்டும், ஒரு எழுத்து கூடவில்லை. நான் பெண்கள் பக்கத்திலிருந்து ஆண்கள் பக்கம் பார்த்தேன். அப்பா தூணோரம் நின்றுகொண்டிருந்தார். எல்லாரும் எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்று பாடினார்கள், அவர் வாய் திறக்கவில்லை. தலைவர்களுக்காக வேண்டிக்கொள்ளாவிட்டால் போகட்டும் என்று இருந்தேன். அடுத்து நோயாளிகளுக்கு, அதற்கும் திறக்கவில்லை. பிள்ளைகளுக்கு, பிரின்சி, வெளிநாட்டில் இருக்கிற நம் பிள்ளைகளுக்கு என்று வந்தது, அதற்கும் திறக்கவில்லை. கல்யாணமான நாளாக இந்த மனுஷனோடு பூசை பார்க்கிறேன், கடவுளிடம்கூட ஒன்றும் கேட்காமல் அவர் நின்றதை இன்றைக்குத்தான் பார்த்தேன். மனிதர்களிடம் பேசாதே என்றோம், இவர் அங்கேயும் பேச்சை நிறுத்திவிட்டார். இதை நான் யாரிடம் போய்ச் சொல்ல, சாமியாரிடமா, ஆண்ட்ரூஸிடமா. உன்னிடம் சொல்கிறேன், நீயும் எட்டாத தூரத்தில் உட்கார்ந்துகொண்டு என்ன செய்வாய் என்று தெரிந்தேதான் சொல்கிறேன்.

மாப்பிள்ளைக்கு என் ஆசீர். வேளைக்குச் சாப்பிடுங்கள், இரும்பு மாத்திரையை மறக்காதே, அண்ணனுக்கு ஒரு செய்தியாவது அனுப்பு, அவனும் சரியாகச் சாப்பிடுவதில்லை. மாதா உங்களைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும். ஒன்று மட்டும் மறக்காமல் செய். அடுத்த ஞாயிறு நீ கூப்பிடும்போது ஸ்பீக்கரில் போட்டு அவர் நாற்காலிக் கையில் வைத்துவிட்டு நான் அடுக்களைக்குப் போய்விடுவேன். மன்னிப்பு, வீடியோ, பெருமை, எதையும் எடுக்காதே. அவர் பதில் பேசமாட்டார். நீ ஒரு பாட்டுப் பாடு, எந்தப் பாட்டானாலும் சரி. உனக்குச் சுருதி நிற்காது என்பது பங்குக்கே தெரியும், அப்படியே விலகிப் பாடு, வேண்டுமென்றே விலகிப் பாடு. தப்பாக ஒருவர் பாடினால் காதில் வாங்கிக்கொண்டு சும்மா இருக்க அவரால் முடியாது. அதையும் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்றால், அப்புறம் எனக்கு வேறு வழி ஒன்றும் தெரியவில்லை, நீ போனை மட்டும் வைத்துவிடாதே.

என்றும் உனக்காக ஜெபிக்கும் அம்மா,
அன்னாள் கிறிஸ்துராஜ்