உன் இரண்டாவது வாக்கியம்

நகத்துக்குள் இன்னும் பசை ஒட்டிக்கொண்டிருக்கிறது. சோப்புப் போட்டுத் தேய்த்தேன், தேங்காய் எண்ணெய் தடவினேன், போகவில்லை. கம்பெனி செக்கிங்கில் பனியனில் தப்பு இருக்கும் இடத்தில் ஒட்டுவோமே, சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர், அதன் பசைதான். இன்று காலையில் உன் நோட்டின் ஒரு பக்கத்திலிருந்து அதை உரித்துக்கொண்டிருந்தேன். பதினோரு மணிக்கு உன் மகள் தாரணி நோட்டை வாங்க வருவதாக இருந்தது. அவள் அந்தப் பக்கத்தைப் பார்ப்பதற்குள் நான் அதைப் பார்த்ததற்கான தடயம் இல்லாமல் செய்துவிட வேண்டும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. எனக்கு அது தெரியாமல் இல்லை.

நீ கண்ணை மூடிப் பத்து மாதம் ஆகிறது. தாரணி மூலனூரில் உன் அண்ணன் வீட்டில் இருந்து பிளஸ் ஒன் படிக்கிறாள். போன வாரம் போன் செய்தாள். "பெரியம்மா, அம்மாவும் நீங்களும் இங்கிலீஷ் எழுதிப் பழகுன நோட்டு உங்ககிட்டயா இருக்குதுங்க? எனக்கு வேணுங்க. அம்மாவோட கையெழுத்து ஊட்டுல வேற எதுலயுமே இல்லீங்க" என்றாள். இல்லை என்று சொல்ல வாய் வந்தது. "இருக்குது கண்ணு, வா" என்றுதான் சொன்னேன்.

அந்த நோட்டு உன் யோசனை. நெருப்பெரிச்சல் ஊரில் பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் எதிரும் புதிருமாக நின்றே நமக்கு எட்டு வருஷம் ஓடியிருந்தது. காலில் நரம்பு சுருட்டிக்கொண்டது உனக்கும் எனக்கும் ஒரே சமயத்தில்தான். ஆபீசில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசருக்கு உதவியாளாக இரண்டு பேர் எடுக்கப் போகிறார்கள், உள்ளே இருக்கிறவர்களும் பரீட்சை எழுதலாம், இங்கிலீஷ் எழுதத் தெரிந்தால் போதும் என்று சூப்பர்வைசர் சொன்ன மறுநாள், தாரணியின் பழைய பாடப் புத்தகம் ஒன்றைச் சோற்றுத் தூக்குப்போசியோடு பையில் போட்டுக்கொண்டு வந்தாய். ஒரு சொல் கொடுத்திருப்பார்கள். அதற்கு இரண்டு பொருள். பொருளுக்கு ஒரு வாக்கியம் எழுத வேண்டும். "நாம ரெண்டு பேரு, அர்த்தமும் ரெண்டு. கடவுளாப் பாத்துக் குடுத்த கணக்கு புள்ள" என்றாய்.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் துணிக் கட்டுகளுக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்வோம். நீ எழுதுவாய், நான் பார்ப்பேன். பிறகு நான் எழுதுவேன், நீ பார்ப்பாய். தப்பு என்ன என்று வாயால் சொல்லக் கூடாது. அம்பை மட்டும் ஒட்ட வேண்டும், எழுதியவளே கண்டுபிடித்துச் சரி செய்ய வேண்டும். செக்கிங்கில் டெய்லருக்கு நாம் என்ன செய்தோமோ அதையே நமக்கும் செய்துகொண்டோம். வாட்ச் என்ற சொல்லுக்கு நீ எழுதியது இன்னும் நினைவிருக்கிறது. சூப்பர்வைசர் நம்மை நாள் முழுக்க வாட்ச் பண்ணுகிறார். அவர் கையில் கட்டியிருக்கும் வாட்ச் ஓடுவதில்லை. அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் எனக்குப் புரையேறி, அந்த மனுஷனே தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

என் கண்ணில் தப்பு தப்பாது என்று கம்பெனி முழுக்கப் பேச்சு. நீயே சொல்வாய், "சரசு கண்ணுல வெளக்கெண்ணெய ஊத்திக்கிட்டுப் பாப்பா" என்று. எனக்கும் அந்தப் பெருமை உண்டு. தையல் ஒரு கண் விட்டிருந்தாலும் என் விரல் போய் நிற்கும். பனியன் என்ன நிறம் என்று கேட்டால்தான் தெரியாது.

பங்குனி மாதம். ஹார்டு என்ற சொல் வந்தது. கடினம் என்று ஒரு பொருள், கெட்டி என்று ஒரு பொருள். முதல் வாக்கியம் எழுதினாய்: நின்றுகொண்டே வேலை செய்வது ஹார்டு. இரண்டாவதற்கு ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாய். பேனா மூடியைக் கடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாய். "என்ன புள்ள, சீக்கிரம், மணியடிச்சிருவாங்க" என்று நான் அவசரப்படுத்தினேன். பிறகு எழுதி நோட்டை என் பக்கம் தள்ளினாய்.

என் மார்பில் ஓர் இடம் ஹார்டாக இருக்கிறது, புளியங்கொட்டை போல.

இங்கிலீஷில் அதுதான் எழுதியிருந்தாய். எனக்குப் புரியவில்லை என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். மார்புக்கு நீ போட்டிருந்த செஸ்ட் என்ற சொல் நாம் தினமும் அளவு அட்டையில் பார்ப்பது. ஒவ்வொரு சொல்லும் எனக்குப் புரிந்தது. ஆனால் நான் வாக்கியத்தைப் படிக்கவில்லை, தப்பைத் தேடினேன். புளியங்கொட்டைக்கு முன்னால் ஒன்று என்று காட்டும் 'ஏ' எழுத்தை விட்டிருந்தாய். ஸ்டிக்கரை உரித்து நேராக அங்கே ஒட்டினேன். ஒட்டிவிட்டு, கண்டுபிடித்தேன் பார் என்று உன்னைப் பார்த்துச் சிரித்தேன்.

நீ என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாய். பிறகு குனிந்து, ஸ்டிக்கரின் ஓரத்தில் அந்த ஓர் எழுத்தைச் சேர்த்தாய். "இப்பச் சரியாப் போச்சா சரசு?"

"போச்சு. அடுத்ததுக்குப் போ."

அடுத்ததுக்குப் போனோம். அது என்ன சொல் என்றுகூட நினைவில்லை.

ஆடி மாதம், ஷிப்மெண்ட் போன பிறகு, நீ லைனிலேயே மயங்கி விழுந்தபோதுதான் கோயமுத்தூருக்குக் கொண்டுபோனோம். இன்னும் நாலு மாதம் முன்னாடி வந்திருக்கலாமே என்றார் டாக்டர். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அந்தக் கணக்குப் போட வாரக்கணக்கானது. உன் கட்டிலுக்குப் பக்கத்தில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தபோது, "ஏன் புள்ள, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று உன்னைத்தான் திட்டினேன். நான்! உன்னை!

"சொன்னேனே, நோட்டுல" என்றாய். குரலில் ஒரு குறையும் இல்லை. "தமிழ்ல சொல்லோணும்னு எத்தன நாளு வாயத் தொறந்தேன் தெரியுமா? வெக்கமா இருந்துச்சு, அழுகையும் வந்துருச்சு. இங்கிலீஷுல எழுதுனா அது வேற ஆரோ ஒருத்தியோட ஒடம்பு மாதிரி இருந்துச்சு. சுளுவா எழுதிப் போட்டேன்." அதோடு விட்டுவிட்டு, ஆரஞ்சு புளிக்கிறது என்றாய்.

உன் மேல் எனக்குக் கோபம் வருகிறது. அதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டிக்கர் ஒட்டிய என் கையைப் பிடித்து முறுக்கியிருக்கலாம். நோட்டைத் தூக்கி என் மூஞ்சியில் எறிந்திருக்கலாம். ஏன் குனிந்து அந்த எழுத்தைச் சேர்த்தாய்? என் திருத்தம் அவ்வளவு பெரிதா உனக்கு? இப்படிக் கேட்டுக் கேட்டே பத்து மாதம் ஓட்டினேன். கேட்டு முடித்ததும் கோபம் திரும்பி என்னிடமே வந்து நிற்கும்.

நீ ஆஸ்பத்திரியில் இருந்தபோதே அந்தப் பரீட்சை வந்தது. "போய் எழுது, எனக்கும் சேத்து" என்று துரத்தினாய். எனக்குக் கிடைத்தது. இப்போது ஏசி ரூமில் நாற்காலியில் உட்கார்ந்து சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையருக்கு இங்கிலீஷில் மெயில் அனுப்புகிறேன். என் மெயிலில் தப்பே இருக்காது என்று ஆபீஸ் மேடம் பாராட்டுகிறார். ஒவ்வொரு தடவையும் அந்தப் புளியங்கொட்டைதான் எனக்கு நினைவு வருகிறது.

காலையில் ஸ்டிக்கர் லேசில் வரவில்லை. பனியனில் என்றால் சுத்தமாக உரியும். காகிதத்தை அது விடவில்லை. நான் விடாமல் நகத்தால் சுரண்ட, காகிதத்தின் மேல்தோலோடு சேர்ந்து வந்தது. கூடவே நீ சேர்த்த அந்த எழுத்தும் வந்துவிட்டது. பக்கத்தையே கிழித்துவிடலாமா என்று பார்த்தேன். பின்பக்கம் முழுக்க உன் கையெழுத்து. அப்போதுதான் தாரணி வாசலில் நின்று, "பெரியம்மா" என்றாள். அச்சு அசல் உன் குரல்.

கட்டிலில் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து படித்தாள். வாட்ச் வாக்கியத்துக்கு வாய்விட்டுச் சிரித்தாள். டீ போடுகிறேன் என்று எழுந்தவள் அவள் பக்கத்திலேயே நின்றேன். அந்தப் பக்கம் வந்ததும் அவள் விரல் நின்றது. இரண்டு முறை படித்தாள் என்பது கண் அசைவிலேயே தெரிந்தது.

"இது எப்ப எழுதுனதுங்க?"

"பங்குனியில கண்ணு."

"ஆஸ்பத்திரிக்கு ஆடியிலதானுங்க போனாங்க?"

"ஆமா."

"நீங்க இதைப் படிச்சீங்களா பெரியம்மா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்ல நினைத்தேன், உன்மேல் ஆணை. ஆனால் அவள் கண்ணும் உன் கண். "படிச்சேன் சாமி" என்றேன்.

"இந்த எடத்துல ஏனுங்க காயிதம் பிஞ்சிருக்குது?"

"அங்க ஒரு எழுத்துத் தப்பு இருந்துச்சு. நாந்தான் ஸ்டிக்கர் ஒட்டுனேன். நீ பாக்கக் கூடாதுன்னு காலையில பிச்சேன்." இதைச் சொல்லும்போதே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பதினாறு வயதுப் பிள்ளையின் காலை. அவள் என்னைத் தள்ளவும் இல்லை, தொடவும் இல்லை. என் அழுகை ஓயும்வரை நோட்டைப் பார்த்தபடி இருந்தாள். பிறகு திட்டுவது போல இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிற குரலில் கேட்டாள்.

"அம்மா தப்பில்லாம எழுதியிருந்தா, நீங்க கவனிச்சிருப்பீங்களா?"

அவள் காத்திருந்தாள். நோட்டைப் பையில் வைத்து ஜிப் போட்டாள், டீ வேண்டாம் என்றாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். "வாரனுங்க பெரியம்மா" என்றுவிட்டு பஸ்ஸுக்கு நடந்தாள். மூலனூர் போய்ச் சேர்ந்ததும் போன் செய்யச் சொல்லியிருந்தேன். இந்நேரம் போயிருப்பாள். போன் வரவில்லை.

நோட்டு என்னிடம் இல்லை. அவள் கேள்வி இருக்கிறது. நாளைக்கும் அதை வைத்துக்கொண்டுதான் மெயில் எழுத வேண்டும். அவளிடம் சொல்ல வாய் வராத பதிலை உன்னிடமாவது சொல்லிவிடுகிறேன். இல்லை. கவனித்திருக்க மாட்டேன். நீ ஒரு தப்பும் இல்லாமல் எழுதியிருந்தால் ஓரத்தில் ஒரு டிக் போட்டிருப்பேன். உன் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்த்திருக்க மாட்டேன்.