அண்ணைக்கு முந்திப் போன அழைப்பு

அன்புள்ள இரத்தினம்மா அக்காவுக்கு,

தோகாவிலிருந்து தம்பி சுதாகரன். நான் நல்ல சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி? போனில் சொல்லப் பயந்து, ஊருக்கு வரும் பார்த்தீபனிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

உங்கள் மகள் தாரிகாவின் கலியாணத்தைப் பேஸ்புக்கில் போட்டேன். அவள் படத்துக்குப் பக்கத்தில் என் படத்தையும் வைத்து, "தாய்மாமன் அழைக்கிறார், அனைவரும் வருக" என்று எழுதினேன். உலகமே பார்த்தது, அக்கா! கனடாவிலிருந்தெல்லாம் வாழ்த்து. உடுப்பிட்டியில் கனகரத்தினம் அண்ணையும் பார்த்துவிட்டார். அதுதான் சின்னச் சிக்கல். மூத்த தாய்மாமன் அவருக்கு முதலில் வெற்றிலையோடு போய்ச் சொல்ல நீங்கள் நல்ல நாள் பார்த்திருந்ததை மறந்துபோனேன்.

அண்ணை போனில் பிடித்துக்கொண்டார். "டேய், என்ரை மருமகளின்ரை கலியாணத்தை ஊராக்களோடை சேர்ந்து போனிலையோ நான் அறியிறது? உன்ரை பேஸ்புக்கே தாரை வார்த்துக் குடுக்கட்டும்!"

சிரித்துச் சமாளித்தேன். ஆனால் அத்தான் இல்லாத வீட்டில் அண்ணையும் வராவிட்டால் பிள்ளையை யார் தாரை வார்ப்பது? அன்று முதல் சோறு இறங்கவில்லை. பதிவை அழித்துவிட்டேன். இது கிடைத்ததும் அவரிடம் போங்கள். பழியை என் தலையில் போட்டு, "உவன் ஒரு விசரன்" என்று நன்றாகத் திட்டுங்கள்; அண்ணைக்கு மனம் ஆறும்.

நான் இல்லாவிட்டால் இந்தக் கொம்பனியே படுத்துவிடும் என்று லீவு தரமாட்டார்களாம். படத்திலாவது மாமனாக நிற்கலாம் என்றுதான் அப்படிச் செய்தேன். கொஞ்சம் மிளகாய்த்தூள் இடித்து அனுப்புங்கள். அண்ணை தாரை வார்க்கும்போது யாரையாவது கொண்டு போனில் காட்டுங்கள். எனக்கு மட்டும் காட்டினால் போதும்.

வேலைக்கு ஏற்றிப்போகும் வான் வந்துவிட்டது.

தம்பி சுதாகரன்