நான் டிக் போடாத எண்

இன்று காலை பிரிண்ட் கடையிலிருந்து வந்த வரைபடச் சுருளைப் பிரித்தேன். அம்மோனியா வாடை குப்பென்று மூக்கில் ஏறிக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பக்கத்து மேசைப் பெண், "இன்னாக்கா, அழுவுறியா?" என்று கேட்டாள். அம்மோனியா என்றேன். பாதி நிஜம். உன் ஞாபகம் வந்துவிட்டது. நீ வந்தால் கூடவே வயிற்றெரிச்சலும் வரும், அது உனக்கே தெரியும்.

ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெரு மாடியில், நம் என்ஜினீயர் சார் ஆபீசில், உனக்கு இரண்டு வருஷம் முன்னால் சேர்ந்தவள் நான். கக்கூஸ், மாடிப்படி, தண்ணீர்த் தொட்டி என்று வரைந்து வரைந்து என் விரல் தேய்ந்தது. அப்புறம் நீ வந்தாய். இடது கைக்காரி. இடது கையால் எழுதினால் மை ஈஷிக்கொள்ளும் என்று காத்திருந்தேன். ஈஷவே இல்லையே! சார் உன் எழுத்தைப் பார்த்துவிட்டு, "கையாம்மா இது, அச்சு மிஷினா?" என்றார். என்னிடம் அவர் ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஜவுளிக்கடை வேலை வந்தது. பெங்களூர் ரோட்டில் பஸ்ஸில் போகிறவர்களுக்கும் பொம்மை கட்டியிருக்கும் புடவை தெரியவேண்டுமாம். "மெட்ராஸ்ல கீற மாதிரி முன்பக்கம் பூரா கண்ணாடி போட்டுடணும் சார்" என்றார் முதலாளி. நம் ஊருக்கு அது முதல் தடவை. எனக்குத்தான் வரும் என்று புதுப் பேனா முனைகூட வாங்கி வைத்திருந்தேன். சார் உன்னிடம் கொடுத்தார். என்னைப் பார்த்து, "நீ செக் பண்ணிடும்மா" என்றார்.

ஒரு வாரம் அந்தத் தாளோடு குடித்தனம் நடத்தினாய். முன்பக்கத் தோற்றம், குறுக்குவெட்டு, மரச்சட்டத்தில் கண்ணாடி உட்காரும் பள்ளம், அந்தக் காடி மட்டும் நிஜ அளவிலேயே தனியாக ஒரு படம். காடிக்குள் கண்ணாடி, அதை இறுக்கும் மெல்லிய ரீப்பர் கட்டை, கீழே மழைத்தண்ணீர் வழியச் சரிவு. ஒரு கோடு கூடுதல் இல்லை. பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நம் ஆபீஸ் வழக்கம் உனக்கு நினைவிருக்கும். செக் செய்கிறவள் பிரிண்டில் ஒவ்வோர் எண்ணுக்கும் சிவப்புப் பென்சிலால் டிக் போடவேண்டும், தப்பென்றால் வட்டம். டிக் போட்டுக்கொண்டே, கண்ணாடி வெட்டி வாங்கவேண்டிய அளவுப் பட்டியலுக்கு வந்தேன். அகலம் நாலு அடி என்று எழுதியிருந்தாய். நாலு அடி என்பது சட்டத்துக்கு நடுவே வெளியே தெரிகிற இடம். கண்ணாடி காடிக்குள் நுழைய இரண்டு பக்கமும் சேர்த்து இன்னும் முக்கால் அங்குலம் வேண்டும். அத்தனை அழகாகக் காடியை வரைந்தவள், பட்டியலில் அதைச் சேர்க்க மறந்துவிட்டாய்.

பார்த்தேன்டி. நன்றாகவே பார்த்தேன். டிக் போட மனசாட்சி விடவில்லை, வட்டம் போட வயிற்றெரிச்சல் விடவில்லை. அந்த எண்ணை வெறுமனே விட்டுவிட்டு, செக் செய்தவர் என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

மெட்ராஸிலிருந்து லாரியில், வைக்கோலுக்கு நடுவே கண்ணாடி வந்து இறங்கியது. மறுநாளே தச்சர் மாடியேறி வந்தார். "இன்னா சார் அளவு குட்த்துகீறீங்க? கண்ணாடி சட்டத்துல நிக்கவே மாட்டேங்குது, பூந்து அந்தாண்ட போவுது!" சார் முகம் சிவந்தது. "செக் பிரிண்ட்ட எடும்மா" என்று உன்னிடம் சொன்னார். எல்லா எண்ணுக்கும் டிக் இருந்து அதற்கு மட்டும் இல்லையென்றால், தெரிந்தே விட்டிருக்கிறேன் என்று சாருக்குப் புரிந்துவிடும். அன்றோடு என் வேலை போயிருக்கும்.

நீ பீரோ கதவுக்குப் பின்னால் கொஞ்சம் அதிக நேரம் நின்றாய். பிறகு பிரிண்டைக் கொண்டுவந்து விரித்தாய். நாலு அடிக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு டிக் இருந்தது. வால் இடப்பக்கம் சாய்ந்த டிக். என் டிக் அப்படிச் சாயாது.

"ரெண்டு பேருமே கவனிக்கல சார். படம் என்னுது, தப்பும் என்னுது" என்றாய். சார் உன்னைத்தான் வாங்கு வாங்கென்று வாங்கினார். மத்தியானம் வழக்கம்போல டப்பாவைத் திறந்து, "மீன் கொயம்பு கீது, வேணுமாடி?" என்று கேட்டாய். பாவி, நாலு வார்த்தை திட்டித் தொலைத்திருக்கக் கூடாதா!

அதற்கப்புறம் நடந்த கூத்துதான் எனக்கு ஆறவே இல்லை. தச்சர் உள்பக்கம் இன்னொரு தடித்த சட்டம் அடித்துக் கண்ணாடியை நிறுத்தினார். தீபாவளிக்குக் கடை திறந்ததும், "சட்டம் இன்னா ஷோக்கா கீது" என்று ஊரே மெச்சியது. வேறு இரண்டு கடைக்காரர்கள் அதே மாதிரி கேட்டு வந்தார்கள். அதையும் சார் உன்னைத்தான் வரையச் சொன்னார். உன் தப்புக்குக் கிடைத்த மரியாதை என் சரிக்குக் கிடைத்ததில்லை.

அந்த டிக்கைப் பற்றி நீயும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. போன மாதம் உன் அடக்கத்துக்கு வந்தேன். சர்ச் வாசலில் உன் வீட்டுக்காரர் என்னைத் தேடி வந்து சொன்னார்: "உங்களப் பத்தியே பேசிகினு இருப்பாம்மா. 'அவ ஒரு தடவ பாத்துட்டான்னா எனக்கு நிம்மதி'ம்பா." அழவேண்டிய இடத்தில் எனக்குப் பொறாமைதான் வந்தது. எல்லாம் தெரிந்தும் உன்னால் எப்படியடி அப்படிச் சொல்ல முடிந்தது?

இன்றுவரை எந்தப் படத்திலும் ஓர் எண்ணை நான் வெறுமனே விட்டதில்லை. உன்னால் எனக்குத் தங்கியது அது. மற்றது இந்த வயிற்றெரிச்சல், அதுவும் போகவில்லை. நான் உன்னைப் பற்றி என் வீட்டில் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. இன்று சாயங்காலம் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று உன் பெயரை எடுத்தேன். என் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து நிமிராமலே கேட்டார்: "யாரு, உனக்கு ஆவவே ஆவாதே, அந்தப் பொண்ணா?"