லிட்மஸ் நீலமானது

மண்ணூர்,
வெள்ளிக்கிழமை.

ஷெர்லின் அப்பாவுக்கு,

உங்கள் ஷாரோன் எழுதுகிறேன். ஷெர்லினும் அத்தையும் சுகம். நான் போனை எடுக்கவில்லை என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். பேசவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வாட்ஸப்பில் வந்த எங்கள் பள்ளியின் வீடியோவைப் பார்த்துப் பயந்துபோய், வேலையை விட்டுவிட்டு மஸ்கட்டுக்கு வந்துவிடு என்று செய்தி அனுப்பியிருக்கிறீர்கள். நடந்ததை முழுக்கச் சொல்லாமல் அதற்குப் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. டில்லிபாபு அண்ணன் லீவு முடிந்து மஸ்கட்டுக்குக் கிளம்புகிறார். அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

திங்கட்கிழமை ஒன்பதாம் வகுப்பில் லிட்மஸ் தாளைப் பிள்ளைகள் கையில் கொடுத்து, அமிலமும் காரமும் நடத்திக்கொண்டிருந்தேன். திடீரென்று மூக்கைத் துளைக்கும் நெடி. எட்டிப் பார்த்தால், பள்ளிக்குப் பின்னால் இருக்கும் குளிர்பதனக் கிடங்கிலிருந்து வெள்ளைப் புகை தரையோடு தரையாக ஊர்ந்து வருகிறது. அமோனியா என்று தெரிந்துவிட்டது.

தலைமையாசிரியர் வசந்தகுமார் சார் ஓடி வந்தார். "இன்னா டீச்சர் பாத்துகினு நிக்கிறீங்க? கேட்டத் தொறந்து பசங்கள ரோட்டுக்கு அனுப்புங்க!" என்று கத்தினார். நான் வெளியே இறங்கி, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று ஒரு பிடி மண்ணை எடுத்து உதிர்த்துப் பார்த்தேன். அது கேட்டுப் பக்கம்தான் பறந்தது. ரோட்டுக்குப் போனால் புகையும் கூடவே வரும், பக்கவாட்டில் ஏரிக்கரைக்குப் போக வேண்டும் என்றேன். அவர் என் முகத்தையே பார்த்தார். தப்பாகிவிட்டால் பழி அவர்மேல் விழும். பிறகு அவரே போய் மதில் இடிந்த இடத்தில் நின்று பிள்ளைகளைத் தூக்கிவிட்டார். கர்சீப், துப்பட்டா எல்லாவற்றையும் நனைத்து மூக்கில் கட்டவைத்தேன்.

கரை ஏறி எண்ணினால் ஒருத்தி குறைகிறாள். சுகப்பிரியா.

பனிக்கட்டி ஏன் மிதக்கிறது என்று கேட்டு, நான் சொன்னதில் திருப்தி இல்லாமல் மறுநாளும் கேட்டாளே, அவள்தான். அவளுக்காகத்தான் என் காலேஜ் புத்தகத்தைத் தேடி எடுத்துப் படித்தேன். இத்தனை வருஷம் நடத்திய பாடம் எனக்கே அன்றுதான் புரிந்தது. திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். அப்பா நம்பிராஜன் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் அசெம்பிளி லைனில் வேலை. அம்மா மாடத்தி ஒரு ஹாஸ்டலில் சமைக்கிறாள்.

முந்தானையை நனைத்துக் கட்டிக்கொண்டு திரும்ப ஓடினேன். அப்போது ஷெர்லினை நினைக்கவில்லை, உங்களையும் நினைக்கவில்லை. இதை எழுதாமல் விட்டிருக்கலாம். ஆனாலும் அதுதான் உண்மை. வகுப்புக்குள் புகை வந்துவிட்டது. பெஞ்சுக்கு அடியில் சுருண்டு கிடந்தாள், கண் திறக்க முடியவில்லை. கையில் இரண்டு லிட்மஸ் தாள். நனைத்தது நீலமாகியிருந்தது. காய்ந்தது சிவப்பாகவே இருந்தது. "டீச்சர், நனைச்சதுதான் மாறுது" என்று இருமலுக்கு நடுவில் சொல்கிறாள்! அவள் பேரைச் சொல்லிக் கத்தியபோதுதான் முந்தானை நழுவி, என் தொண்டைக்குள் புகை இறங்கியது. எப்படித் தூக்கி வந்தேனோ தெரியாது.

அவளை ஆக்சிஜனில் வைத்திருந்தார்கள். நேற்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நுரையீரலுக்கு ஆபத்தில்லை. என் குரலைப் பற்றிக் கேட்டால், பார்க்கலாம் என்கிறார் டாக்டர்.

நேற்று சாயங்காலமே மாடத்தி அவளைக் கூட்டிக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தாள். "டீச்சர், புள்ளைய ஊருக்குக் கூட்டிட்டுப் போயிருதோம். ஒங்களக் கொற சொல்லல, நீங்கதான் தூக்கிட்டு வந்திய. ஆனா எதையும் சோதிச்சுப் பாத்துதான் நம்பணும்னு சொல்லிக் குடுத்ததும் நீங்கதான" என்றாள். எனக்குத்தான் குரல் இல்லையே. ஷெர்லினின் சிலேட்டை எடுத்து, "முதலில் ஓட வேண்டும், அப்புறம்தான் சோதனை. அதைச் சொல்லித்தர மறந்துவிட்டேன். சொல்லித்தர விடுங்கள்" என்று எழுதினேன். சுகப்பிரியாதான் அம்மாவுக்குப் படித்துக் காட்டினாள். மாடத்தி அவளைக் கூட்டிக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

இன்று காலை ஷிப்ட் முடிந்து அந்த யூனிபார்மோடே நம்பிராஜன் வந்து வாசலில் நின்றார். "டீச்சர், நீங்க இந்தப் பள்ளியோடத்துலயே இருப்பியளான்னு அவ அம்ம கேட்டுட்டு வரச் சொன்னா. நீங்க இருந்தா புள்ளையும் இருக்கட்டும்" என்றார்.

உங்களைக் கேட்காமலே தலையை ஆட்டிவிட்டேன்.

கோபம் வந்தால் திட்டி எழுதுங்கள், தாங்கிக்கொள்வேன். வந்துவிடு என்று மட்டும் இன்னொரு முறை எழுதாதீர்கள். நீங்கள் கூப்பிட்டால் என்னால் வராமல் இருக்க முடியாது. கர்த்தர் உங்களைக் கண்மணிபோல் காக்கட்டும்.

உங்கள்,
ஷாரோன்